இயக்குநர் குழுத் தீர்மானத்தை எதிர்த்தவரின் பெயரை மினிட்ஸில் எழுதியே ஆக வேண்டுமா?

கேள்வி (கணக்குப் பிரிவு, நெசவு நிறுவனம்):

வணக்கம். நான் பணிபுரியும் பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி ரூபாயை எட்டாததால், முழுநேரக் கம்பெனி செக்ரட்டரி கிடையாது. மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு) எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. புதிய ஏர்ஜெட் தறிகளுக்காக வங்கியில் காலக்கடன் வாங்கும் தீர்மானம் சென்ற இயக்குநர் குழுக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஐவரில் மூவர் ஆதரித்தனர். ஒருவர், ஆர்டர்கள் உறுதியாகாத நிலையில் இவ்வளவு பெரிய கடன் கூடாது என்று எதிர்த்தார். இன்னொருவர், கடன் நிபந்தனைகளைப் படிக்க அவகாசம் கிடைக்கவில்லை என்று சொல்லி வாக்களிக்கவில்லை. வங்கிக்குப் போகும் தாள் என்பதால் "ஒருமனதாக நிறைவேறியது" என்றே எழுதுமாறு நிர்வாக இயக்குநர் கூறுகிறார். அப்படி எழுதலாமா? ஆதரித்தவர்களின் பெயர்களையும் எழுத வேண்டுமா?

பதில் 1 (நிறுவனச் சட்ட ஆலோசகர்):

"ஒருமனதாக" என்று எழுதக் கூடாது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 118(4)ஆம் பிரிவு, கூட்டத்திற்கு வந்த இயக்குநர்களின் பெயர்களையும், நிறைவேறிய ஒவ்வொரு தீர்மானத்தையும் எதிர்த்த அல்லது அதற்கு உடன்படாத இயக்குநர்களின் பெயர்களையும் மினிட்ஸில் குறிக்கச் சொல்கிறது. இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கான விதித்தொகுப்பாகிய செயலகத் தரநிலை 1 (SS-1) இதைவிடத் தெளிவானது: எதிர்த்தவர் மட்டுமல்லாமல், வாக்களிக்காமல் ஒதுங்கியவரின் பெயரும் இடம்பெற வேண்டும். ஆகவே உங்கள் மினிட்ஸில் இரண்டு பெயர்களும் வந்தாக வேண்டும்.

ஆதரித்தவர்களின் பெயர்களைச் சட்டம் கேட்கவில்லை. வந்தவர்கள் பட்டியலில் இருந்து, எதிர்த்தவராகவோ ஒதுங்கியவராகவோ குறிக்கப்படாதவர் உடன்பட்டவராகவே கொள்ளப்படுவார். உங்கள் நிர்வாக இயக்குநர் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே: முறைப்படி எழுதப்பட்ட மினிட்ஸ் கூட்ட நடவடிக்கைக்குச் சான்றாக ஏற்கப்படுவதால், நாளை கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் போய் இயக்குநர்களின் பொறுப்பு பற்றிய கேள்வி எழும்போது, எதிர்த்தவரின் கையில் இருக்கும் முதல் ஆவணம் அந்தப் பக்கம்தான். அதை எடுத்துவிடும் உரிமை எழுதுபவருக்கும் இல்லை, தலைவருக்கும் இல்லை. அவதூறானவை, பொருத்தமற்றவை, நிறுவனத்தின் நலனுக்கு ஊறு விளைவிப்பவை ஆகியவற்றை விலக்கத் தலைவருக்கு 118(5) அதிகாரம் தருகிறது என்பது உண்மைதான். எதிர்ப்பு வாக்கு இவற்றில் எதிலும் அடங்காது என்பது என் கருத்து.

பதில் 2 (வங்கிக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்):

வங்கியைக் காரணம் காட்டுவது வீண் பயம். பொதுவாக வங்கிக்குத் தரப்படுவது தீர்மானத்தின் சான்றளிக்கப்பட்ட நகல். தீர்மானம் செல்லுபடியாகப் பெரும்பான்மை போதும். மாறாக, நகலில் "ஒருமனதாக" என்றும் மினிட்ஸ் புத்தகத்தில் எதிர்ப்பு என்றும் இருந்தால்தான் வங்கியின் சட்ட ஆய்வில் சிக்கல் வரும்.

வாசகத்தை இப்படி அமைக்கலாம்: "தீர்மானம் பெரும்பான்மை வாக்குகளால் நிறைவேற்றப்பட்டது. திரு. ___ எதிர்த்து வாக்களித்தார். திரு. ___ வாக்களிக்கவில்லை." காரணத்தை எழுத வேண்டும் என்று இயக்குநர் வற்புறுத்தினால் ஒரே வாக்கியத்தில், அவர் சொன்ன பொருள் மாறாமல் எழுதுங்கள். யார் குரலை உயர்த்தினார், யார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார் என்பதெல்லாம் மினிட்ஸுக்கு உரியவை அல்ல.

ஒரு விஷயத்தில் மேலே உள்ள பதிலில் இருந்து வேறுபடுகிறேன். அண்ணன் தம்பிகளே இயக்குநர்களாக இருக்கும் நிறுவனங்களில், ஆதரித்தவர்களின் பெயர்களையும் எழுதிவிடுவது நல்லது. "நான் வாய் திறக்கவே இல்லையே" என்ற பேச்சு பிற்பாடு எழாது.

கேட்டவர்:

மிக்க நன்றி. எதிர்த்த இயக்குநர் நேற்று தொலைபேசியில், தம் கருத்தை மாற்றிக்கொண்டதாகவும் தம் பெயரை எடுத்துவிடலாம் என்றும் கூறினார். வரைவு இன்னும் அனுப்பப்படவில்லை. அவரே சொல்வதால் எடுத்துவிடலாமா?

பதில் 3 (நிறுவனச் சட்ட ஆலோசகர்):

அவரே சொன்னாலும் எடுக்க முடியாது. மினிட்ஸ் காட்டுவது கூட்டத்தில் நடந்ததை. அதன் பிறகு ஒருவருக்கு ஏற்பட்ட மனமாற்றத்தை அல்ல. கூட்டம் முடிந்த 15 நாட்களுக்குள் வரைவை எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்புங்கள். கருத்துச் சொல்ல அவர்களுக்கு 7 நாட்கள் உண்டு. பதிவில் பிழை இருந்தால் திருத்துவதற்கு உரிய காலம் அது. 30 நாட்களுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றிய பின், அடுத்து வரும் கூட்டத்தில் குழுவின் வெளிப்படையான ஒப்புதல் இன்றி எதையும் மாற்ற இயலாது. மினிட்ஸைத் திரித்த குற்றத்திற்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையும், 25,000 ரூபாயில் இருந்து ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 118(12)இல் இடமிருக்கிறது.

கடனுக்கு இப்போது உடன்படுவதாக அவர் அடுத்த கூட்டத்தில் அறிவிக்கட்டும். அதை அந்தக் கூட்டத்தின் மினிட்ஸில் பதிவு செய்யுங்கள். தொலைபேசியில் சொன்னதை அவரிடமிருந்து மின்னஞ்சலாகவும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாக இயக்குநர் மீண்டும் கேட்கும்போது விளக்கம் சொல்ல உதவும்.