கணவர் கட்டாரில், காசு வரவில்லை: தாபரிப்பு முதலா, விவாகரத்து முதலா?

பட்டிருப்பான்:
தங்கச்சி களுவாஞ்சிகுடியில் இருக்கிறா. மச்சான் கட்டாரில் வேலை. 14 மாதமாக வீட்டுக்குக் காசு இல்லை. இப்போது லீவில் வந்து, 12 வயது மகனைத் திருக்கோவிலில் தன் தாயாரிடம் கொண்டுபோய் விட்டிருக்கிறார். 6 வயது மகள் தங்கச்சியோடு. இன்னும் பத்து நாளில் திரும்பிப் போகிறார். "ரெண்டு பேரும் விரும்பித்தான் பிரிஞ்சிருக்கிறம்" என்று எழுதிய கடதாசி ஒன்றில் ஒப்பம் கேட்கிறார்கள். வீடு சீதன வீடு. எதை முதலில், எங்கே தொடங்குவது?

வாவிக்கரை:
முதல் வேலை, அந்தக் கடதாசியில் ஒப்பம் வைக்காமல் இருப்பது. இலங்கையின் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்குத் தாபரிப்பு, அதாவது சீவனச் செலவுக்கான காசு, கொடுக்கச் சொல்லும் கட்டளை இல்லை. பிள்ளைகளின் உரிமை அப்படியே இருக்கும். தங்கச்சியின் பங்கு அந்த ஒரு வரியோடு போய்விடும். பொலிஸில் "சமாதானமாகப் பேசி முடிச்சம்" என்று எழுதிக் கொடுக்கிற பதிவிலும் இதே வசனம் ஒளிந்திருக்கும். வாசிக்காமல் கையெழுத்து வேண்டாம்.

தாபரிப்பு கேட்க விவாகரத்து தேவையில்லை. அவ வசிக்கிற இடத்து நீதவான் நீதிமன்றத்திலேயே போடலாம், அதாவது களுவாஞ்சிகுடியில். மச்சானின் ஊர்ப்பக்கம் அலையத் தேவையில்லை. பத்து நாள்தான் இருக்கிறது என்பதால் இந்த வாரமே போடுங்கள். அவர் இங்கே நிற்கும்போது அழைப்பாணையைக் கையில் கொடுப்பது சுலபம். கட்டாருக்குப் போன பிறகு அதுவே மாதக்கணக்கில் இழுபடும்.

கொண்டுபோக வேண்டியவை: விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, கிராம சேவகரின் வதிவிடக் கடிதம், சத்தியக் கடதாசி. அவரிடம் வசதி இருக்கிறது என்று காட்டுவதுதான் பலர் கோட்டைவிடுகிற இடம். வேலை ஒப்பந்தப் பிரதி, பழைய பணம் அனுப்பிய ரசீதுகள், சம்பளம் பற்றிப் பேசிய வட்ஸ்அப் குரல்பதிவு, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். கடைசியாகக் காசு வந்த திகதி வங்கிப் புத்தகத்தில் தெரிய வேண்டும்.

செலவுக் கணக்கைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பால்மா, ஸ்கூல் வான், டியூஷன், கரண்ட் பில் என்று ஒரு கொப்பித் தாளில் மாதவாரியாக எழுதி, கிடைத்த துண்டுகளை ஊசி குத்தி இணைத்தால் போதும். மொத்தமாக "ஒரு லட்சம் வேணும்" என்றால் குறுக்குக் கேள்வியில் உடையும்.

கட்டளை வந்தும் கட்டாவிட்டால் நிலுவையை அறவிட நீதிமன்ற ஆணை உண்டு. அப்படியும் மிஞ்சினால், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை மறியல் (சிறை). வெளிநாட்டில் இருப்பவரிடம் இது உடனே பலிக்காது, ஆனால் அடுத்த லீவுக்கு வரும்போது கணக்கு அவருக்காகக் காத்திருக்கும்.

சவுக்கடி:
மகன் விஷயத்தைத் தாபரிப்பு வழக்கில் சேர்த்துக் கேட்டால் நடக்காது, அங்கே கட்டுக்காவல், அதாவது பிள்ளை யாரிடம் இருப்பது என்பது, தீர்ப்பதில்லை. அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. பிள்ளையை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றால் பிள்ளையை மன்றுக்குக் கொண்டுவரச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவும் மாகாண மேல் நீதிமன்றத்தில் போடலாம்.

எங்கள் சட்டத்தில் திருமணம் நிலைத்திருக்கும்வரை தகப்பனுக்கு ஒரு முன்னுரிமை உண்டு என்பது உண்மைதான். ஆனால் பிள்ளையின் நலன்தான் அதற்கும் மேல். இங்கே இன்னொரு விஷயமும் இருக்கிறது: தகப்பன் கட்டாரில் இருந்தால், நடைமுறையில் போட்டி தாய்க்கும் அப்பம்மாவுக்கும்தான். தாயின் பக்கம் கனம் கூட. 12 வயதென்றால் நீதிபதி பையனிடமும் கேட்பார், அதனால் போனில் அவனிடம் தகப்பனைப் பற்றிக் கெட்டது சொல்ல வேண்டாம்.

பள்ளிக்கூட வாசலில் பிடித்துக்கொண்டு வர நினைக்காதீர்கள், வழக்கு தலைகீழாகிவிடும். அவன் படித்த பாடசாலை அதிபருக்கு, தாயின் சம்மதமில்லாமல் விடுகைப் பத்திரம் கொடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே எழுத்தில் கொடுத்து, பிரதியில் ஒப்பம் வாங்குங்கள். திருக்கோவில் பள்ளிக்கூடத்தில் ஒரு தவணை படித்துவிட்டால் "பழகிவிட்டான்" என்பார்கள்.

எழுவான்கரை:
விவாகரத்துக்கு அவசரமில்லை. "ஒத்துவரவில்லை" என்பதும் "இருவருக்கும் சம்மதம்" என்பதும் இங்கே காரணமில்லை. விபசாரம், கெட்ட எண்ணத்துடன் கைவிடல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு, இந்த மூன்றுதான். தங்கச்சிக்குப் பொருந்துவது இரண்டாவது. தீர்ப்பு வந்தாலும் முதலில் தற்காலிகக் கட்டளைதான். மூன்று மாதம் கழித்து அது முற்றாக்கப்பட வேண்டும். அதற்குமுன் மறுமணம் செய்தால் செல்லாது.

வீட்டைப் பற்றிப் பயம் வேண்டாம். யாழ்ப்பாணத்துத் தேசவழமை, அதாவது அங்குள்ள தமிழரின் சொத்து வழக்கச் சட்டம், மட்டக்களப்பாருக்கு இல்லை. சீதன உறுதி அவ பெயரில் என்றால் அது அவவின் தனிச் சொத்து. மச்சான் காசில் மேல்மாடி கட்டியிருந்தால் செலவுக்கு நட்டஈடு கேட்கப் பார்க்கலாம், வீட்டைக் கேட்க முடியாது. உறுதியா, அரச காணிக்கான அனுமதிப்பத்திரமா என்று மட்டும் பாருங்கள். அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்தில் யார் பெயர் என்று விசாரியுங்கள். உறுதி என்றால் காணிப் பதிவகத்தில் ஈடு எதுவும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காத்தான்குடிப் பக்கம்:
இதே கேள்வி முஸ்லிம் குடும்பம் என்றால்?

வாவிக்கரை:
தாபரிப்பும் விவாகரத்தும் காதியாரிடம், அதாவது முஸ்லிம் விவாக வழக்குகளைப் பார்க்கும் நீதிபதியிடம். அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது, நீங்களே பேச வேண்டும். காதியாரின் கட்டளைப்படி கட்டாவிட்டால் அறவிடுவது நீதவான் நீதிமன்றம் மூலம். பிள்ளையின் கட்டுக்காவல் காதியாரிடம் இல்லை, அதற்கு மாவட்ட நீதிமன்றம்தான்.

பட்டிருப்பான்:
கடதாசியைத் திருப்பிக் கொடுத்தாச்சு. சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால்?

சவுக்கடி:
சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்குப் போங்கள். வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், கிராம சேவகரிடம் வருமானக் கடிதமும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம்.