இயேசுவை மூதாதை என்று அழைக்கலாமா? ஆப்பிரிக்க இறையியல் பற்றி ஒரு கேள்வி

களியக்காவிளை ஷீட்டுக்கடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையின் ஆண்கள் ஐக்கிய சங்கத்தில் அடுத்த மாதம் ஒரு மணி நேரம் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். "ஆப்பிரிக்காவில் கிறிஸ்தவம்" என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். நான் இறையியல் படித்தவன் அல்லன். ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறேன். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்று கடை ஓய்ந்திருக்கும்போது படிக்கிறேன், அவ்வளவுதான்.

படித்த அளவில் ஒரு செய்தி என்னை நிறுத்தி வைத்துவிட்டது. தான்சானியாவைச் சேர்ந்த சார்லஸ் நியாமிட்டி என்ற கத்தோலிக்கக் குருவானவர் 1984-இல் எழுதிய நூலில் கிறிஸ்துவை "நம் மூதாதை" என்று அழைத்து, அதற்கு முழு அளவில் நியாயமும் சொல்கிறார். காங்கோவின் இறையியலாளர் பெனெஸே புஜோ "ஆதி மூதாதை" என்கிறார். இதை என் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "அதெல்லாம் மேல்பூச்சு, செண்டைக்குப் பதிலாக அவர்கள் ஊர் முரசு, உள்ளே இருப்பது ஐரோப்பாவில் எழுதிய அதே உபதேசம்" என்று முடித்துவிட்டார்.

என் கேள்வி இதுதான். ஆப்பிரிக்கப் பண்பாடு இந்த இறையியலின் உடையை மட்டும் மாற்றியிருக்கிறதா, உடலையும் மாற்றியிருக்கிறதா? கூடவே ஒரு சொந்தச் சங்கடமும் உண்டு. எங்கள் பாட்டாவின் அப்பா ஞானஸ்நானம் எடுத்தபோது, எங்கள் விளையின், அதாவது தோட்ட நிலத்தின், தெற்கு மூலையில் இருந்த மூத்தோர் பீடத்தை இடித்து அந்தக் கல்லைக் கிணற்றங்கரையில் துவைகல்லாகப் போட்டார்கள் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கல் இன்றும் கிடக்கிறது. நாங்கள் இடித்ததை அவர்கள் எப்படிப் பலிபீடத்தின் அருகே கொண்டுபோய் வைக்கிறார்கள்?

பாறசாலை டீச்சர் எழுதியது:

உங்கள் நண்பர் முரசிலிருந்து தொடங்குகிறார். அதனால்தான் அவருக்குப் பூச்சு மட்டும் தெரிகிறது. வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்கிப் பாருங்கள். ஆப்பிரிக்க இறையியல் என்று பல்கலைக்கழகங்களில் பெயர் வைப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, எந்தச் சொல்லை எடுப்பது, எதை விடுவது என்ற இடத்தில் அது நடந்து முடிந்திருந்தது.

நம் பக்கத்துக்கு நெருக்கமான உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். 1806-இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி குமரியின் மயிலாடிக்கு வந்தாரே, அவரை அனுப்பிய லண்டன் மிஷனரி சங்கம்தான் தென்னாப்பிரிக்காவின் குருமானில் ராபர்ட் மொஃபாட்டையும் வைத்திருந்தது. அவர் செட்ஸ்வானா மொழியில் புதிய ஏற்பாட்டை 1840-இலும் முழு வேதாகமத்தை 1857-இலும் கொண்டுவந்தார். கடவுளுக்கு அந்த மக்கள் ஏற்கெனவே வழங்கிய "மொடிமோ" என்ற பெயரையே எடுத்துக்கொண்டார். பிசாசுகளுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தபோது அவர் எடுத்தது "படிமோ". அந்த மொழியில் படிமோ என்றால் மறைந்துபோன குடும்பத்து மூத்தோர். வீட்டைக் காப்பவர்கள், தவறினால் கண்டிப்பவர்கள். மத்தேயு எட்டாம் அதிகாரத்தில் கல்லறைகளிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள் அல்லவா, அவர்களைப் பிடித்திருந்தது மூத்தோர் என்று ஆகிவிட்டது. பன்றிக்கூட்டத்துக்குள் புகுந்து கடலில் மாண்டதும் மூத்தோர்தான். போட்ஸ்வானாவின் மூசா டூபே என்ற பெண் இறையியலாளர் 1999-இல் இதைப் பற்றிக் கடுமையாக எழுதினார். தன் தாய்மொழியில் வேதம் வாசிக்கும் ஒருவர் தன் பாட்டியைப் பிசாசு என்று உச்சரிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அவர் சுட்டிய காயம்.

யோருபா மொழியிலும் இப்படி நடந்தது. அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டு 1864-இல் ஆங்கிலிக்கன் பேராயரான சாமுவேல் அஜாயி க்ரௌதர் முன்னின்று உருவாக்கிய அந்த வேதாகமத்தில், கடவுளுக்கு "வானத்துக்கு உரியவர்" என்ற பொருள் தரும் ஒலோருன் என்ற பழைய பெயர் நின்றது. சாத்தானுக்கோ, தெய்வங்களுக்கும் மனிதருக்கும் இடையே தூது போகிற, குறும்புக்காரனான எஷுவின் பெயர் போய்ச் சேர்ந்தது. யோருபாக்காரர்கள் இன்றுவரை இதைப் பற்றி வாதாடுகிறார்கள்.

இப்போது ஷீட்டுக்கடை அண்ணன் ஊருக்கு வருவோம். யாத்திராகமத்தில் "வாதை" என்றால் எகிப்தின்மேல் வந்த துன்பம். ஆனால் குமரி மாவட்டத்துப் பழைய வழக்கில் வாதை என்பது பீடம் வைத்துப் படையல் கொடுக்கிற ஆவி. மாடன், இசக்கி, வாதை என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். உங்கள் பாட்டாவின் அப்பா முதன்முறையாக அந்த அதிகாரத்தை வாசிக்கக் கேட்டபோது அவர் காதில் எது விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எல்லா மூத்தோரும் வாதைகள் அல்லர். நல்ல சாவு செத்தவர் வேறு, துர்ச்சாவு செத்தவர் வேறு என்று நம் மக்கள் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். பீடம் இடிபட்ட நாளில் அந்தப் பிரிவினையும் சேர்ந்து இடிந்தது என்பது என் ஊகம்.

மார்த்தாண்டம் மலங்கரை எழுதியது:

டீச்சர் சொன்னதற்குப் பிறகு வழிபாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நண்பர் பூச்சு என்று சொன்னது அநேகமாகக் காங்கோ வழிபாட்டு முறையைப் பார்த்துத்தான் இருக்கும். அந்த முறைக்கு ரோம் 1988-இல் ஒப்புதல் கொடுத்தது. கின்ஷாசாவின் கர்தினால் மலூலா பல ஆண்டுகள் அதற்காகப் பாடுபட்டவர். 2019 டிசம்பர் முதல் தேதி, போப் பிரான்சிஸ் புனித பேதுரு பேராலயத்திலேயே அந்த முறைப்படி திருப்பலி நிறைவேற்றினார்.

அதில் ஆட்டத்தை விட்டுவிட்டு வரிசையைக் கவனியுங்கள். தொடக்கத்திலேயே மாதாவையும் புனிதர்களையும் அழைத்துவிட்டு, அதே வரிசையில் "நேரிய இருதயமுள்ள எங்கள் முன்னோர்களே, எங்களோடு இருங்கள்" என்ற பொருளில் மூதாதையரை அழைக்கிறார்கள். கிறிஸ்துவைக் கேள்விப்படாமலே நேர்மையாக வாழ்ந்து மறைந்தவர்களும் அந்த அழைப்பில் அடக்கம். நற்செய்தியை உட்கார்ந்து கேட்கிறார்கள்; ஊர்த்தலைவர் பேசும்போது உட்கார்ந்து செவிகொடுப்பதுதான் அங்கே மரியாதை. பாவ மன்னிப்பு வேண்டுதல் தொடக்கத்தில் வருவதில்லை. பிரசங்கம் முடிந்த பிறகு வருகிறது, அதைத் தொடர்ந்து சமாதானம் பகிர்கிறார்கள். வார்த்தையைக் கேட்ட பிறகல்லவா நாம் எங்கே தவறினோம் என்று தெரியும்? ஒரு சமூகம் தன் பஞ்சாயத்தில் பேசித் தீர்த்துக் கைகோக்கிற முறை அப்படியே குர்பானாவுக்குள், அதாவது திருப்பலிக்குள், வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைப் பூச்சு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் கதையும் அதுதானே. எங்கள் பள்ளியில் நிலவிளக்கின் உச்சியில் சிலுவை நிற்கிறது, ராசா என்கிற பவனியில் முத்துக்குடை பிடிக்கிறார்கள், மணப்பெண்ணுக்கு மந்திரகோடி என்கிற திருமணப் புடவையைப் போர்த்துகிறார்கள். நவம்பர் 2 அன்று எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து பாருங்கள். முந்தின நாளே புல் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி போட்டு, மெழுகுவர்த்தி காற்றில் அணையாமலிருக்கத் தேங்காய்ச் சிரட்டையைச் சாய்த்து வைத்திருப்பார்கள். எங்கள் குருவானவரான அச்சன் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வரும்போது, எங்கள் அம்மா இறந்துபோன என் அப்பாவிடம் பேரனுக்கு வேலை கிடைத்ததைச் சொல்லிக்கொண்டிருப்பார். அதற்கு எந்த உபதேசப் புத்தகத்திலும் விதி கிடையாது.

நெய்யாற்றின்கரை வழக்காளி எழுதியது:

மூவரும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டதால் எதிர்ப்பக்கம் நான் நிற்கிறேன், பெயரும் அதற்கேற்றதுதான்.

"மூதாதை" என்ற சொல்லை மரியாதைப் பட்டம்போல் இவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கானாவின் அக்கான் மக்களிடையே யார் வேண்டுமானாலும் மூதாதை ஆகிவிட முடியாது. முதிர்ந்த வயதுவரை வாழ்ந்திருக்க வேண்டும், பிள்ளை பெற்றிருக்க வேண்டும், ஊருக்கு முன்மாதிரியாக இருந்திருக்க வேண்டும், நல்ல சாவு செத்திருக்க வேண்டும். இயேசுவோ முப்பது வயதைச் சிறிது தாண்டியதும் மணமின்றி, பிள்ளையின்றி, குற்றவாளியைப்போல் மரத்தில் தொங்கி இறந்தார். டீச்சர் சொன்ன கணக்கில் அது துர்ச்சாவு. மேலும் அவர் யூதா கோத்திரத்தார். அக்கான் குலம் எதிலும் பிறந்தவர் அல்லர். சொல்லை எடுத்துக்கொண்டு அதன் நிபந்தனைகளையெல்லாம் தள்ளிவிட்டால், மிச்சமிருப்பது பூச்சு என்று ஷீட்டுக்கடையின் நண்பர் சொன்னதில் என்ன தவறு?

இன்னொரு அபாயமும் உண்டு. உகாண்டாவின் கவிஞரும் ஆய்வாளருமான ஒகோட் பிடெக் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி. 1911-இல் இத்தாலியப் பாதிரிமார் அச்சோலி பெரியவர்களிடம், உங்களைப் படைத்தது யார் என்று கேட்டார்கள். அந்த மொழியில் படைப்பு என்ற கருத்துக்கு நேரான சொல் இல்லை, ஆகவே கேள்வி "உங்களை வனைந்தது யார்?" என்று போய்ச் சேர்ந்தது. தாய் பெற்றாள் என்றார்கள் பெரியவர்கள். விடாமல் கேட்கவே, முதுகெலும்பில் காசநோய் கண்டு கூன் விழுந்தவர்களை அப்படி வளைத்து வனைகிற ஆவி ஒன்று உண்டு, அதன் பெயர் ருபாங்கா என்று ஒருவர் நினைவுபடுத்திச் சொன்னார். பாதிரிமார் அந்தப் பெயரையே கடவுளுக்கு வைத்துவிட்டார்கள். ஆப்பிரிக்கர் எல்லாரும் ஏக கடவுளை முன்பே அறிந்திருந்தனர் என்று கென்யாவின் இறையியலாளர் ஜான் ம்பிட்டி போன்றவர்கள் எழுதும்போது, இல்லாத ஆடையை எங்கள் தெய்வங்களுக்கு உடுத்திவிடுகிறீர்கள் என்று பிடெக் கோபப்பட்டதற்கு இதுதான் அடிப்படை. அவர் எழுப்பிய கேள்விக்கு இன்னும் முழு விடை வந்ததாக நான் நினைக்கவில்லை.

பெண்களிடமும் கேளுங்கள். கானாவின் மெர்சி அம்பா ஒடுயோயே முன்னின்று 1989-இல் அக்ராவை அடுத்த லெகோனில் ஆப்பிரிக்கப் பெண் இறையியலாளர் வட்டத்தைத் தொடங்கியபோது அவர்கள் சொன்னதன் சாரம் இது: பண்பாட்டைக் கொண்டாடுங்கள், ஆனால் விதவைச் சடங்கிலும் பலதார மணத்திலும் எங்களை அடக்கிவைத்ததும் அதே பண்பாடுதான்.

களியக்காவிளை ஷீட்டுக்கடை எழுதியது:

வழக்காளி சார் சொன்னதைப் படித்த பிறகு இரண்டு நாள் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. துர்ச்சாவு செத்தவர் எப்படி மூதாதை ஆவார் என்பதற்கு யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா? இந்தக் கேள்வி எங்கள் சங்கத்தில் கட்டாயம் எழும். முன்வரிசையில் உட்காரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இதற்காகவே வருவார்.

பாறசாலை டீச்சர் எழுதியது:

சொல்லியிருக்கிறார்கள் அண்ணா. கானாவின் இறையியலாளர் குவாமே பெடியாகோ 2008-இல் காலமாகும்வரை இதோடுதான் மல்லுக்கட்டினார். அவர் பதிலை எபிரெயர் நிருபத்திலிருந்து எடுத்தார். அந்த நிருபத்தை வாசித்த யூதர்களுக்கும் இதே சிக்கல்தான்: ஆசாரியன் லேவி கோத்திரத்தில் பிறக்க வேண்டும், இயேசுவோ யூதா கோத்திரம், ரத்த உறவின்படி அவருக்கு ஆசாரிய உரிமை இல்லை. நிருபம் எழுதியவர் வம்சாவளியை விட்டுவிட்டு, வம்சவரலாறே சொல்லப்படாத பழைய ஆசாரியனான மெல்கிசேதேக்கின் முறைமையையும், அழியாத ஜீவனின் வல்லமையையும் காட்டி அந்த உரிமையை நிறுவுகிறார். யூதருக்கே பிறப்பால் கிடைக்காத உரிமை என்றால் அக்கானுக்கும் பிறப்பைக் கேட்கத் தேவையில்லை என்பது பெடியாகோவின் வாதம். மூதாதையர் மனிதராய் இருந்து இறந்தவர்கள், அவர்கள் மரணத்தை வென்றவர்கள் அல்லர். ஆகவே இயேசு அவர்கள் வரிசையில் இன்னொருவராக நிற்கவில்லை, அவர்கள் செய்வதாக மக்கள் நம்பியதைச் செய்து முடித்து அவர்களுக்கு மேலே நிற்கிறார் என்று வாதம் நீள்கிறது. எபிரெயர் நிருபத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அது குலத்தைப் பற்றிய வழக்கு என்பது ஒரு கானாக்காரர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. உடலும் மாறியிருக்கிறதா என்று கேட்டீர்களே, நிருபத்தின் ஒரு வரியும் மாறவில்லை, ஆனால் அதுவரை யாரும் அதனிடம் கேட்காத கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது.

வழக்காளி சாரின் வாதத்தில் பாதியை நான் ஏற்கிறேன். பிடெக் சொன்ன ருபாங்கா கதைக்கு என்னிடம் பதில் இல்லை. பெண்கள் சொன்னதற்கு மறுப்பும் இல்லை. ஆனால் பூச்சு என்பதை ஏற்க முடியாது. காரணம், இந்தப் பேச்சு பேராசிரியர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. பெடியாகோ திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியது அஃபுவா கூமா என்ற பெண்ணை. கானாவின் காட்டுப்பகுதியில் விவசாயமும் பேறுகாலம் பார்ப்பதுமாக வாழ்ந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். அரசவையில் தலைவர்களைப் போற்றிப் பாடும் முறையில், ட்வீ மொழியில் வாய்க்கு வந்தபடி இயேசுவைப் புகழ்ந்து ஜெபிப்பார். மற்றவர்கள் கேட்டு எழுதி 1980-களின் தொடக்கத்தில் அச்சிட்டார்கள். அடர்ந்த காட்டில் அஞ்சாமல் நடக்கும் வேட்டைக்காரராக அவருடைய இயேசு வருகிறார். அந்த அம்மாவுக்கு யாரும் பண்பாட்டுமயமாக்கல் என்று பாடம் நடத்தவில்லை. அவர் தன் மொழியில் ஜெபித்தார், அவ்வளவுதான்.

தலைமையாசிரியருக்கு ஒரு யோசனை. மத்தேயு எட்டு, இருபத்தெட்டாம் வசனத்தை முதலில் நம் வேதாகமத்தில் உள்ளபடி வாசியுங்கள். பிறகு "பிசாசு" வருகிற இடமெல்லாம் "எங்கள் பாட்டாமார்" என்று போட்டு ஒருமுறை வாசியுங்கள். அதற்குமேல் படிமோவை விளக்க வேண்டியிருக்காது.

களியக்காவிளை ஷீட்டுக்கடை எழுதியது:

நேற்று வீட்டில் வாசித்துப் பார்த்தேன் டீச்சர். இரண்டாவது வாசிப்பில் என் மனைவி, "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லிவிட்டாள். பேச்சை அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன். அந்தத் துவைகல்லைப் பற்றியும் சொல்லலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதன்மேல் இன்று காலையும் துணி துவைத்தார்கள்.