லாடத்தை ஆறு வாரத்தில் மாற்ற வேண்டுமா, தேயும்வரை விடலாமா?

பஞ்சகல்யாணி:
நம் குதிரை மன்றத்தில் கொள்ளுத் தீவனம் பற்றிய விவாத இழையில் அந்தியூரான் எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன்: "லாடம் தேய்ந்து போகும்வரை அதில் கை வைக்கத் தேவையில்லை. ஆறு வாரம் என்பது பந்தய மைதானத்துக்காரர்கள் கிளப்பிவிட்ட கதை. என் குதிரைக்கு நான்கு மாதமாக ஒரே லாடம்." அதற்குக் கீழே வரிசையாக நன்றி சொல்லியிருக்கிறார்கள். போன ஆடிச் சந்தையில் முதன்முதலாகக் குதிரை வாங்கியவர்களும் அதில் இருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இரும்பு தேய்கிறதா என்பது கேள்வியே அல்ல. குளம்பு மாதத்துக்கு ஆறிலிருந்து பத்து மில்லிமீட்டர் வளர்கிறது. லாடம் அடித்தபின் அது தரையில் தேய வழியில்லை. நான்கு மாதத்தில் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். முன்பக்கம் நீண்டுகொண்டே போகும், லாடமும் அதோடு முன்னால் நகரும், பின்பக்கம் தாங்கல் இல்லாமல் உள்ளே மடங்கும். ஒவ்வொரு அடி எடுக்கும்போதும் காலின் பின்புறத் தசைநாண் கூடுதலாக இழுபடும். இன்று நொண்டாது. ஒரு நாள் நொண்டும்போது சுளுக்கு என்று எண்ணெய் தேய்ப்பீர்கள்.

ஆறு வாரம். மிஞ்சிப்போனால் எட்டு. அதற்கு மேல் கிடையாது.

அந்தியூரான்:
வாருங்கள் தம்பி. என் பெயரைச் சொல்லித் தனி இழையே தொடங்கிவிட்டீர்கள், மகிழ்ச்சி.

என் தாத்தா வில்வண்டிக்குக் குதிரை வைத்திருந்தார். என் அப்பா ஜட்கா ஓட்டினார். நான் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்குக் குதிரை கொண்டுபோகத் தொடங்கியபோது நீங்கள் பிறந்திருக்கவே மாட்டீர்கள். மூன்று தலைமுறையில் யாரும் நாள்காட்டியைப் பார்த்து லாடம் மாற்றவில்லை. குதிரையின் காலைப் பார்த்து மாற்றினோம்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி அடித்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு லாடத்துக்கு ஆறு ஆணி, சில நேரம் எட்டு. ஒவ்வொரு முறையும் புதிய ஓட்டை. பழைய ஓட்டை வளர்ந்து கீழே இறங்குவதற்குள் பக்கத்திலேயே இன்னொன்று. குளம்பின் ஓரம் உதிர்ந்து, ஆணி பிடிக்கவே இடம் இல்லாமல் போகும். குஜராத்தின் காட்டியவாடி இனக் குதிரையின் குளம்பு கல் மாதிரி. அதைச் சல்லடை ஆக்க நான் தயாராக இல்லை.

பஞ்சகல்யாணி:
ஆணி ஓட்டையால் குளம்பு உதிர்கிறது என்றால் ஆணி அடித்தவருக்கு அடிக்கத் தெரியவில்லை என்று பொருள். குளம்பின் அகலமான பகுதிக்குப் பின்னால் ஆணி போகக் கூடாது. அந்த இடம் ஒவ்வொரு அடிக்கும் விரிந்து சுருங்க வேண்டும். குளம்பின் அடியில் ஓரச்சுவரும் உள்ளங்காலும் சேரும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, உணர்ச்சி இல்லாத பகுதியில்தான் ஆணி ஏற வேண்டும். உங்கள் ஊரில் மாட்டுக்கு லாடம் அடிப்பவரே குதிரைக்கும் அடிக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். மாட்டைக் கீழே சாய்த்து, காலைக் கட்டி, பிளந்த குளம்பின் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு தகடு வைத்து அடிப்பது வேறு வேலை. நிற்கிற குதிரையின் காலை மடியில் வாங்கி, அரத்தால் சமன்செய்து, இரு பக்கமும் அளவு பார்த்து அடிப்பது வேறு வேலை.

நான்கு மாதம் என்று எழுதினீர்களே, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

நாமக்கல் மாணவி:
கால்நடை மருத்துவம் படிக்கிறேன். விவாதம் தொடருமுன் ஒரு விளக்கம் வேண்டும். "லாடம் தேய்ந்தது" என்று எதைச் சொல்கிறோம்? இரும்பு மெலிந்ததையா, ஆணி தளர்ந்ததையா, லாடம் குளம்பைவிட்டு முன்னால் நகர்ந்ததையா? மூன்றும் மூன்று வெவ்வேறு நேரத்தில் நடப்பவை. தார்ச்சாலையில் ஓடும் குதிரைக்கு இரும்பு சீக்கிரமே தேயும். மண்ணில் நிற்கும் குதிரைக்கு இரும்பு அப்படியே இருக்க, குளம்பு மட்டும் வளர்ந்துவிடும். நீங்கள் இருவரும் ஒரே குதிரையைப் பற்றிப் பேசுவதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தியூரான்:
எங்கள் லாடக்காரரை இழுக்காதீர்கள். அவர் அடித்த லாடத்தோடு பந்தயம் ஓடிய குதிரைகள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கின்றன. பொள்ளாச்சிப் பக்கம் இன்று குதிரைக்கு லாடம் அடிக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணுங்கள். இருக்கிற ஒருவரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டால் அவர் வருவாரா? வண்டிக்கூலி யார் கொடுப்பது? கோவையில் பெரிய லாயம் கட்டி, நாலு ஆள் வைத்திருப்பவருக்கு ஆறு வாரம் சரி. ஒற்றைக் குதிரை வைத்துப் பிழைப்பவனுக்கு நீங்கள் சட்டம் போடாதீர்கள்.

பஞ்சகல்யாணி:
காசு இல்லை என்று சொல்லுங்கள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது, கேட்டுக்கொள்கிறேன். ஆறு வாரம் என்பது கதை என்று சொல்லாதீர்கள். இரண்டும் வேறு.

உடுமலை சாலையில் ஒரு குதிரையைப் பார்த்தேன். மடக்கி விட்ட ஆணி முனைகள் எல்லாம் வெளியே நிமிர்ந்து நின்றன. லாடத்தின் பின்முனை குளம்பின் ஓரத்தைவிட்டு உள்ளே நழுவி, அடிப்பகுதியில் பதிந்து கிடந்தது. கழற்றியதும் உள்ளே கருஞ்சிவப்பாக ரத்தம் கன்றிய இடம். நடுவில் உள்ள முக்கோண மென்பகுதியின் பள்ளங்களில் கறுப்பாகக் குழம்பு, மூக்கைப் பொத்தும் நாற்றம். மேலே கணுவில் விரல் வைத்தால் நாடி தெறித்தது. கத்தியால் ஓரிடத்தைக் கீறியதும் சாம்பல் நிறத்தில் சீழ் பீறிட்டது. அதுவரை ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் நின்ற குதிரை, சற்று நேரத்தில் ஊன்றியது. அதன் உரிமையாளரும் "லாடம் இன்னும் தேயவில்லையே" என்றுதான் சொன்னார்.

ஆறு வாரத்தில் கழற்றியிருந்தால் அந்தக் காலுக்கு இந்த நிலை வந்திருக்காது.

மலைச்சாரல்:
ஊட்டியில் சவாரிக் குதிரை வைத்திருக்கிறேன். நீங்கள் இருவரும் லாடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். கறுப்புக் குழம்பும் நாற்றமும் லாடத்தால் வருவதில்லை. மூத்திரமும் லத்தியும் ஊறிய ஈரத்தில் நிற்பதால் வருகிறது. எங்கள் மலையில் மழைக்காலம் முழுவதும் இதே தொல்லை. தினமும் குளம்பைத் தூக்கிச் சுரண்டி, தரையைக் காயவைத்தால் பாதி நோய் போய்விடும். என்னிடம் உள்ள மட்டக் குதிரைகளில் சிலவற்றுக்கு லாடமே கிடையாது. செதுக்குவதோடு சரி. நன்றாகத்தான் நடக்கின்றன.

பஞ்சகல்யாணி:
மலைச்சாரல், உங்கள் குதிரைக்கு லாடம் இல்லை, சரி. எத்தனை வாரத்துக்கு ஒருமுறை செதுக்குகிறீர்கள்?

மலைச்சாரல்:
ஏழு வாரம், எட்டு வாரம். வெயில் காலத்தில் இன்னும் தள்ளிப்போகும்.

பஞ்சகல்யாணி:
லாடமே இல்லாதவருக்கும் ஏழெட்டு வாரம்! அந்தியூரான் இதைக் கண் திறந்து படிக்கட்டும்.

அந்தியூரான்:
படித்தேன். "இன்னும் தள்ளிப்போகும்" என்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டீர்களே.

சுவடி:
மூன்று தலைமுறை அனுபவம் என்ற பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் பயணி மார்க்கோ போலோ, இங்கே ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரைகள் கடல்வழியாக வாங்கப்படுவதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பகுதி செத்துவிடுவதையும் எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கத்து வணிகர்கள் லாடக்காரர் யாரும் இங்கே வராமல் பார்த்துக்கொண்டார்களாம். குதிரைகள் சாகச் சாக அவர்களுக்கு வியாபாரம். குளம்பைக் கவனிக்கத் தெரியாததற்கு நம் மண்ணில் எவ்வளவு விலை கொடுத்திருக்கிறோம் என்பதற்காகச் சொன்னேன்.

அந்தியூரான்:
வெனிஸ்காரன் எழுதினால் வேதமா? சோறும் கறியும் போட்டுக் குதிரை வளர்த்தார்கள் என்றும் அவனே எழுதியிருக்கிறான். கொள்ளு விளைகிற நாட்டில் குதிரைக்கு எதற்குக் கறிச்சோறு போட வேண்டும்? சங்க காலத்திலிருந்தே இந்தக் கரையில் குதிரை இறங்குகிறது. அய்யனார் கோயில்தோறும் ஆள் உயர மண்குதிரை செய்து நிறுத்திய சனம் நாங்கள். எங்களுக்குக் குதிரை வளர்க்கத் தெரியாது என்று சொல்ல நீங்கள் யார்?

சுவடி:
மண்குதிரைக்கு லாடம் மாற்ற வேண்டியதில்லை ஐயா. உயிருள்ள குதிரையைப் பற்றித்தான் பேச்சு.

பழனிரோடு:
அந்தியூரான் பேசுவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிகிறது. ஐந்து வயது என்று சொல்லி எனக்கு ஒரு மார்வாரி இனப் பெண்குதிரையை விற்றவர் இவர். வீட்டுக்குக் கொண்டுவந்து மருத்துவரை வைத்து வாயைத் திறந்து பார்த்தால், கீழ்வரிசை முன்பற்களில் குழி ஒன்றுகூட இல்லை, எல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தது. ஐந்து வயதுக் குதிரைக்கு ஓரப்பல் அப்போதுதான் முளைத்து முடிந்திருக்கும். காது இரண்டும் நுனி சேர்ந்து அழகாக வளைந்திருந்ததில் மயங்கிவிட்டேன். இவர் சொல்லும் நான்கு மாதத்தையும் நான் அந்த ஐந்து வயதைப் போலத்தான் எடுத்துக்கொள்வேன்.

அந்தியூரான்:
சந்தையில் வாய் திறந்து பார்க்கச் சொன்னேனா இல்லையா? பார்க்காமல் துண்டுக்குள் கை போட்டு விலை பேசி முடித்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் போகிற இடமெல்லாம் அழுகிறீர்கள். இந்த இழை லாடத்தைப் பற்றியது.

பழனிரோடு:
வாய் திறந்து பார்க்கவிட்டால்தானே? கயிற்றை நீங்கள்தான் பிடித்திருந்தீர்கள்.

பஞ்சகல்யாணி:
பழைய வழக்கைத் தனியே தீர்த்துக்கொள்ளுங்கள். கொள்ளுப் பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தியூரான் அந்த இழையில் "வேலை இல்லாத நாளிலும் கொள்ளைக் குறைக்காதே" என்று எழுதியிருக்கிறார். இதுவும் குளம்பைக் கெடுக்கிற யோசனைதான். தானியம் அளவுக்கு மீறினால் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, அதன் நஞ்சு ரத்தத்தில் கலக்கும். விளைவு லேமினைடிஸ். குளம்புக்குள் எலும்பைப் பிடித்துவைத்திருக்கும் மடிப்புகள் வீங்கிவிடும். குதிரை முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நிற்கும். முற்றினால் எலும்பே உள்ளே திரும்பிவிடும். அந்த நிலையில் நீண்டு வளர்ந்த குளம்பும் நான்கு மாத லாடமும் சேர்ந்தால் அந்தக் கால் என்ன ஆகும்? முன்பக்கம் நீண்ட ஒவ்வொரு மில்லிமீட்டரும் அந்த மடிப்புகளைக் கிழிக்கும் நெம்புகோல். அதனால்தான் ஆறு வாரம் என்கிறேன்.

அந்தியூரான்:
ஊறவைத்த கொள்ளு தின்று குதிரை கெட்டதாக எங்கள் பக்கம் ஒருவனும் சொன்னதில்லை. பசும்புல்லும் வைக்கோலும் வயிறு நிறையப் போட்டபிறகுதான் கொள்ளு. மூட்டையை அவிழ்த்துப்போட்டுவிட்டுத் தூங்குகிறவன் வீட்டில் நடப்பதை என் தலையில் கட்டாதீர்கள். எதை எடுத்தாலும் கடைசியில் ஆறு வாரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள்.

நாமக்கல் மாணவி:
என் கேள்விக்கு யாரும் பதில் தரவில்லை. இருக்கட்டும். ஒன்று மட்டும் அவசரமாகச் சொல்ல வேண்டும். லாடம் எப்போது மாற்றினாலும், ஆணி தவறிக் குத்தும் வாய்ப்பு உண்டு. டெட்டனஸ் கிருமிக்குக் குதிரையைப் போல எளிதில் இரையாகும் விலங்கு அரிது. தாடை இறுகியபின் காப்பாற்றுவது மிகக் கடினம். ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? அந்தியூர் ஐயா, உங்கள் குதிரைக்கு?

அந்தியூரான்:
காயம் பட்டால் போடுகிறோம் அம்மா.

நாமக்கல் மாணவி:
காயம் படுவதற்கு முன்பே போட வேண்டும் ஐயா. சீழ் பிடித்த ஓட்டை வெளியே தெரியாமலே மூடிக்கொள்ளும்.

பஞ்சகல்யாணி:
மாணவி சொல்வதும் என் பக்கம்தான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்தால் மூடிய ஓட்டையும் கண்ணில் படும்.

நாமக்கல் மாணவி:
நான் யார் பக்கமும் இல்லை. தடுப்பூசியைப் பற்றிச் சொன்னேன்.

அந்தியூரான்:
பாருங்கள், உங்கள் பக்கம் இல்லையாம். பஞ்சகல்யாணி, வருகிற ஆடியில் சந்தைக்கு வாருங்கள். என் குதிரையின் நான்கு காலையும் தூக்கிக் காட்டுகிறேன். ஒரு வெடிப்பு இருந்தால் அங்கேயே உங்கள் ஆளை வைத்து லாடத்தைப் பிடுங்குங்கள். கூலி என்னுடையது.

பஞ்சகல்யாணி:
வருகிறேன். அரமும் இடுக்கியும் என்னுடையதாகவே கொண்டுவருகிறேன். ஆனால் சந்தைக்கு முதல் நாள் புது லாடம் அடித்து நிறுத்தக் கூடாது. வைகாசியில் அடித்தது அப்படியே இருக்க வேண்டும். அதற்குள் எட்டு வாரம் தாண்டியிருக்கும், அப்போது தெரியும்.

பழனிரோடு:
வாயையும் திறந்து பார்த்துவிடுங்கள்.