பென்ஷன் இல்லாத பட்டாளத்துக்காரர்கள்: நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

எங்கள் வேலூர்ப் பக்கம் ஊருக்கு நாலு பேராவது பட்டாளத்துக்குப் போனவர்கள் இருப்பார்கள். அதனாலேயே 'மிலிட்டரிக்காரர்' என்றால் பென்ஷன் வரும், கேன்டீன் சாமான் வரும், அவருக்கென்ன குறை என்ற நினைப்பு எல்லாருக்கும் ஊறிப்போயிருக்கிறது. சிப்பாயாகச் சேர்ந்தவருக்குப் பென்ஷன் வர 15 வருட சர்வீஸ் வேண்டும். அப்பா இறந்துவிட்டார், நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று எட்டு ஒன்பது வருடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தவர்கள் நிறைய. அவர்களுக்கு கிராஜுவிட்டியோடு கணக்கு முடிந்தது.

நான் முன்னாள் படைவீரர் சங்கத்தில் மனு எழுதிக் கொடுக்கிறேன். அப்படித்தான் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். 1971 போரின்போது சர்வீஸில் இருந்தவர். மனைவி இறந்துவிட்டார், மகன் திருப்பூரில் கூலி வேலை. நான் போனது மதிய நேரம். சட்டியில் ரேஷன் அரிசிக் கஞ்சி, தொட்டுக்கொள்ள உப்பும் ஒரு பச்சை மிளகாயும். பருப்பு டப்பா காலியாக இருந்தது. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் பாக்கெட் 25 ரூபாய். அந்த 55 ரூபாயைப் பிரஷர் மாத்திரைக்கு ஒதுக்கிவிட்டு, இலவச அரிசியை மட்டும் வாங்கி வந்திருக்கிறார்.

இவர்களிடம் போய் "சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதனால் ராத்திரிக்கு என்ன சமைப்பீர்கள் என்று கேட்டேன். "ராத்திரி சாப்பிடறதில்ல தம்பி, செரிக்க மாட்டேங்குது" என்றார். வயதானவர் வீட்டில் இந்தப் பதிலைக் கேட்டால் தயவுசெய்து அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள்.

முதியோர் உதவித்தொகைக்கு ஒரு தடவை மனு கொடுத்திருக்கிறார். "உங்களுக்குத்தான் மிலிட்டரி பென்ஷன் வருமே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரும் வாதாடவில்லை. பென்ஷன் இல்லை என்று வெளியே தெரிந்தால், பட்டாளத்தில் ஏதோ தப்புப் பண்ணியதால் விரட்டிவிட்டார்கள் என்று ஊர் பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்து இத்தனை வருடமாகப் பென்ஷன் வருகிற மாதிரியே நடந்துகொண்டிருக்கிறார். அப்புறம் மஞ்சள் பையிலிருந்து, பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. நடத்தை என்ற இடத்தில் 'மிகச் சிறப்பு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இவர் மாதிரி ஆட்களுக்கென்றே, முன்னாள் படைவீரர் நலனைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு ஒரு வறுமை உதவித்தொகை வைத்திருக்கிறது. ஆபீஸில் 'பெனூரி கிராண்ட்' என்பார்கள். 65 வயது தாண்டியிருக்க வேண்டும், ஹவில்தார் வரையிலான பதவி, பென்ஷன் இருக்கக்கூடாது. மனைவி மட்டும் உயிரோடு இருந்தால் அவரும் கேட்கலாம். மாதம் 4000 ரூபாயாக இருந்ததை, 2025 நவம்பர் 1 முதல் வரும் மனுக்களுக்கு 8000 ஆக்கிவிட்டார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக மனு போக வேண்டும்.

மனு போயிருக்கிறது. பணம் வரும்வரை பருப்பு, எண்ணெய், முட்டையெல்லாம் சங்கத்திலிருந்து கொடுக்கிறோம். முதலில் வேண்டாம் என்றார். சங்கத்து உறுப்பினர்களுக்கு உள்ளதுதான் ஐயா என்று சொல்லி, ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பையை வாங்கிக்கொண்டார்.

உங்கள் பக்கம் எப்படி?

பதில் 1 (மதுரைப் பக்கம்)

எனக்குத் தெரிந்த அம்மாவுக்குப் பென்ஷன் இருந்தும் இதே நிலைமை. கணவர் பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகு குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் ராணுவ பென்ஷன் முறைக்கு மாற்றிய பிறகு நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கப் போனார், கைரேகை விழவில்லை. சரி, அப்புறம் பார்க்கலாம் என்று திரும்பி வந்துவிட்டார். பணம் நின்றுபோனது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மளிகைக் கடையில் கடன் ஏறியதும் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார். கடைக்கார அண்ணாச்சிதான் "அந்த அம்மாவைக் கொஞ்ச நாளாகக் காணோமே" என்று என்னிடம் சொன்னார். போய்ப் பார்த்தால் காலையில் வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, அதையே ராத்திரிக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார். போன் மூலம் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுக்கலாம். அவர் வீட்டுத் திண்ணையிலேயே என் போனில் எடுத்தோம். நிலுவையும் சேர்ந்து வந்துவிட்டது. முதல் வேலையாக அண்ணாச்சி கடனைத்தான் அடைத்தார்.

பதில் 2 (ரேஷன் கடையில் வேலை பார்ப்பவர்)

மெஷினில் ரேகை விழாமல் திரும்பிப் போகும் பெரியவர்களை நான் தினமும் பார்க்கிறேன். பட்டாளத்துக்காரர்கள் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார்கள், மறுபடி வரவும் கூச்சப்படுவார்கள். கடைக்கு வர முடியாதவர் தன் சார்பில் இன்னொருவரை அனுப்ப அங்கீகாரச் சான்று வாங்கலாம். வயது முதிர்ந்தவர்களுக்கு வீட்டுக்கே பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டத்தையும் 2025 ஆகஸ்டில் தொடங்கினார்கள். கார்டில் வயது சரியாக இருக்கிறதா என்று யாராவது பார்த்துக் கொடுங்கள். எங்கள் கடையில் ஒருவருக்கு அதில்தான் சிக்கல் வந்தது.

பதிவிட்டவர்

ரொம்ப நன்றி. இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. மனு எழுதும் முன் சர்வீஸ் கணக்கை நன்றாகப் பாருங்கள். நேரடி சர்வீஸும், அதன்பின் தேவைப்பட்டால் திரும்பக் கூப்பிடும் பட்டியலில் இருந்த ரிசர்வ் காலமும் சேர்ந்து 15 வருடம் வந்தால் ரிசர்விஸ்ட் பென்ஷனே கிடைக்க வழி உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டும். டிஸ்சார்ஜ் புக் தொலைந்திருந்தாலும் படை எண் தெரிந்தால் போதும், எழுதிக் கேட்கலாம். பழைய டிரங்குப் பெட்டி மூடியில் பெயின்டில் எழுதி வைத்திருப்பார்கள், அங்கே தேடுங்கள்.