மறு: ஹெட்ஸ்பேஸ் = தலையிடைவெளி?

வணக்கம்.

> தலையிடைவெளி என்றே வைக்கலாம். பார்த்ததும் புரியும்.

பார்த்ததும் புரியும், ஆனால் தப்பாகப் புரியும். துப்பாக்கியில் ஹெட்ஸ்பேஸ் (headspace) எனப்படுவதற்கு நாம் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அது ஒரு நீளம்: தோட்டா அமரும் அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை மூடியபின், அதன் முகத்திலிருந்து, தோட்டா மேற்கொண்டு முன்னே போகாமல் முட்டி நிற்கும் இடம் வரை. .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவில் அந்த இடம் கூட்டின் (பித்தளை உறையின்) தோள், அதாவது கூடு கழுத்தை நோக்கிச் சரிந்து குறுகும் பகுதி. தோளின் விட்டம் 10.16 மி.மீ. ஆகும் கோடுவரை அளப்பார்கள். துப்பாக்கி அறையில் இது 41.40 முதல் 41.66 மி.மீ. வரை இருக்கலாம். "தலையிடைவெளி 41 மி.மீ." என்று எழுதினால் படிப்பவர் துப்பாக்கியைத் தூரப் போட்டுவிட்டு ஓடுவார்.

இன்னொரு நண்பர் சொன்ன 'தோள்நீளம்' .308க்குச் சரி. ஆனால் .303 பிரிட்டிஷில் முட்டுவது அடிவிளிம்பு, .375 ஹெச் அண்ட் ஹெச் மேக்னத்தில் அடிப்பகுதியைச் சுற்றிய பட்டை, .45 ஏசிபியில் கூட்டின் வாய்.

எங்கே முட்டினாலும் முட்டுவது பொது. எனவே 'முட்டளவு' என்கிறேன். தோள்முட்டு, விளிம்புமுட்டு, பட்டைமுட்டு, வாய்முட்டு எனத் தோட்டா வகைகளுக்கும் பெயர் தானாக வந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் அறையின் அளவு, தோட்டாவின் அளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றையும் பேச்சில் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறார்கள். நமக்கு அந்தக் குழப்பம் வேண்டாம். அறை முட்டளவு, தோட்டா முட்டளவு, வித்தியாசத்துக்கு 'முட்டுத்தளர்வு'. ('கூட்டு முட்டளவு' வேண்டாம், கணக்குப் பாடம் போல ஒலிக்கிறது.)

கையால் தோட்டா நிரப்புபவருக்கு அன்றாடம் வேண்டியது இந்தக் கடைசிச் சொல்தான். சுட்ட கூட்டை மறுபடி பயன்படுத்த டையில் (பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும் அச்சில்) அழுத்தும்போது தோளை அதிகமாகப் பின்தள்ளிவிட்டால் தளர்வு கூடும். சுடும்போது, தோட்டாவின் அடியில் அடிக்கும் ஊசி அதை முன்னே தள்ளும். அழுத்தத்தில் கூட்டின் சுவர் அறையைக் கவ்விக்கொள்ளும். அடிப்பகுதி மட்டும் போல்ட்டைத் தொடும்வரை பின்னுக்கு இழுபடும். இழுபட்ட இடத்தில் பித்தளை மெலியும். இப்படிச் சிலமுறை ஆனால் அடிக்குச் சற்று மேலே பளபளவென ஒரு வளையம் தெரியும், அப்புறம் கூடு இரண்டாகும். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுவரை வருடினால் பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்தக் கூட்டைக் குப்பையில் போடுங்கள். போல்ட் துப்பாக்கிக்கு 0.025 முதல் 0.05 மி.மீ. தளர்வு போதும். எல்லாக் கூட்டிலும் அது ஒன்றுபோல இருந்தால் ஒவ்வொரு தோட்டாவும் அறையில் ஒரே மாதிரி அமரும், குறியும் சிதறாது.

---

மறு: மறு: ஹெட்ஸ்பேஸ் = தலையிடைவெளி?

முட்டளவு எனக்குச் சம்மதம். என் தலையிடைவெளியைத் திரும்பப் பெறுகிறேன். முட்டுத்தளர்வு மட்டும் வாயில் கொஞ்சம் இடறுகிறது. 'தளர்வு' என்றாலே போதாதா?

கூடவே ஒன்று. அறை முட்டளவு சரியா என்று பார்க்க உதவும் கோ கேஜ், நோ-கோ கேஜ் இரண்டுக்கும் 'புகுமானி, புகாமானி' என்று முன்பு யாரோ எழுதினார்கள். அது பொருந்தவில்லை. இரண்டுமே அறைக்குள் புகத்தான் செய்யும். முதலாவதன்மேல் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதன்மேல் மூடக்கூடாது. தவிர, மானி என்றால் ஏதாவது எண் காட்ட வேண்டும், இவை வெறும் எஃகுத் துண்டுகள். 'மூடுகேஜ், மூடாக்கேஜ்' எப்படி? கேஜுக்குத் தமிழ் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.