வேலூர் குறும்பட விழா: இரண்டாம் நாள் பற்றிய புதுப்பிப்பு
வேலூரில் நடந்த சுயாதீனக் குறும்பட விழாவின் முதல் நாள் படங்களைப் பற்றி இந்த இழையில் எழுதியபோது, மறுநாள் படங்களையும் பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறியிருந்தேன். அவற்றுள் மனத்தில் நிற்பது, குடியாத்தத்தில் பீடி சுற்றும் தாயையும் மகளையும் பற்றிய 14 நிமிடப் படம். மடியில் வைத்த முறத்திலிருந்து இலையை எடுத்து, தூளைப் பரப்பிச் சுருட்டி, முனையை மடித்து நூல் கட்டும் விரல்களை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் காட்டியிருப்பதால், அவர்கள் வாய்விட்டுப் பேசாத கூலிக் கணக்கு நமக்கே புரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் பின்னணி இசையைத் தவிர்த்த இயக்குநரின் துணிவைப் பாராட்டியே ஆக வேண்டும். பாலாற்று மணலைப் பற்றிய படமோ, ட்ரோன் காட்சிகளையே நம்பி, கரையோர மனிதர்களைக் கோட்டைவிட்டுவிட்டது. ஆம்பூர் தோல் தொழிலாளர் படத்தில் நடிப்பு நன்று. ஒலிப்பதிவு தெளிவாக இல்லை. பீடிப் படம் மறுபடியும் திரையிடப்பட்டால், வட ஆர்க்காட்டுக்காரர்கள் அவசியம் போய்ப் பாருங்கள்.