டார்கெட் இல்லாமலே டிரிகர் விழுகிறது. காலிமேட்டரை இறுக்கினால் இன்னும் கூடுகிறது

இரவு ஷிஃப்ட்:
5 ஜிஇவி (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) பையான் பீம். பையான் என்பது சீக்கிரமே சிதைந்துவிடும் ஒரு சிறு துகள். டார்கெட்டுக்கு 1.2 மீட்டர் முன்னால், பீம் பாதையிலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரு சிண்டிலேட்டர் (துகள் பட்டால் மின்னும் கவுண்டர்) வைத்திருக்கிறோம். டார்கெட்டில் பட்டுப் பின்னோக்கி வருபவற்றைப் பிடிக்கத்தான். டார்கெட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். வழக்கமாக விழும் டிரிகரில் (நிகழ்வைப் பதிவு செய்யச் சொல்லும் சிக்னல்) 40 சதவீதம் அப்படியே விழுகிறது! ஹேலோதான் (பீமைச் சுற்றி வழிதவறி வரும் துகள்கள்) என்று நினைத்து, பீமின் ஓரத்தை வெட்டும் இரண்டு காலிமேட்டரையும் 10 மி.மீ. திறப்புக்கு இறுக்கினேன். குறையும் என்று பார்த்தால் ஏறிவிட்டது. ஈயச் செங்கல் அடுக்கலாமா?

பழைய சிண்டிலேட்டர்:
செங்கலைத் தொடாதீர்கள். ஒருமுறை ராத்திரி முழுக்க அடுக்கினேன். ஒவ்வொன்றும் 11 கிலோ. இடுப்பு போனதுதான் மிச்சம், காலையில் எண்ணிக்கை கூடியிருந்தது. வழிதவறி வந்த பையான்கள் ஈயத்தில் மோதிப் புதிதாகத் துகள்களைக் கிளப்பிக்கொண்டிருந்தன.

உங்கள் காலிமேட்டரிலும் அதே கதைதான். விளிம்பை உரசும் பையான் முழுதாக நின்றுவிடாது, சிதறி வெளியே வரும். இறுக்க இறுக்க, உரசுபவை அதிகம். முதல் காலிமேட்டர் பீமை வெட்டட்டும். இரண்டாவதைச் சில மி.மீ. கூடுதலாகத் திறந்து வையுங்கள். அது பீமைத் தொடவே கூடாது, முதலாவது சிதறியதை மட்டும் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால், சிதறலைத் துடைக்க வேண்டியதே இன்னொரு சிதறலை உண்டாக்குகிறது.

அப்புறம் மியூவான், பையான் சிதையும்போது பிறக்கும் துகள். 5 ஜிஇவியில் பையான் சிதைய ஆகும் சராசரித் தூரம் சுமார் 280 மீட்டர். உங்கள் பீம்லைன் 30 மீட்டர் என்றாலே பத்தில் ஒன்று வழியிலேயே மியூவானாகிவிடும். சில மில்லிரேடியன் கோணத்தில் விலகி, 15 மீட்டர் போவதற்குள் சில செ.மீ. முதல் 10 செ.மீ. வரை ஒதுங்கும். உங்கள் 8 செ.மீ. அதற்குள்தான் வருகிறது. 20 செ.மீ. ஈயம் மியூவானிடமிருந்து கால் ஜிஇவி பிடுங்கும், அவ்வளவுதான். அது பாட்டுக்குப் போய்விடும்.

அதைத் தடுக்க முடியாது, ஆனால் அடையாளம் காணலாம். ஹேலோ உங்கள் கவுண்டரில் முதலில் பட்டுவிட்டுத்தான் டார்கெட் பக்கம் போகிறது. நிஜ நிகழ்வு டார்கெட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறது. 1.2 மீட்டருக்கு 4 நானோ நொடி. போக 4, வர 4. டிடிசியில் (சிக்னல் வந்த நேரத்தை அளக்கும் கருவி) 8 நானோ நொடி இடைவெளியில் இரண்டு மேடு தெரிகிறதா, பாருங்கள். எல்எச்சி என்ற பெரிய துகள் மோதுவியில் அட்லஸ் டிடெக்டரும் இதே உபாயத்தைத்தான் கையாள்கிறது: மோதல் புள்ளிக்கு இருபுறமும் 1.84 மீட்டரில் வைர சென்சார்கள், ஹேலோவுக்குச் சுமார் 12.3 நானோ நொடி இடைவெளி.

ஓட்டை வீட்டோ:
நடுவில் ஓட்டை போட்ட சிண்டிலேட்டர் தகட்டை வீட்டோவாக (அதில் பட்ட நிகழ்வைத் தள்ளிவிடும்படி) வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் டார்கெட்டிலிருந்து பின்னோக்கி வருவதே தகட்டில் பட்டு, நல்ல நிகழ்வு வீட்டோ ஆகிவிடக்கூடும். வீட்டோ வேலை செய்யும் நேரச் சாளரத்தை, அதாவது கேட்டை, குறுக்கி, முதலில் வரும் முன்மேட்டுக்கு மட்டும் வையுங்கள். டார்கெட் இல்லாத வெற்று ஓட்டத்தைக் கழிக்கும்போது நேரக் கணக்கில் கழிக்காதீர்கள், பீம் கவுண்டர் எண்ணிக்கையை வைத்துக் கழியுங்கள்.

இரவு ஷிஃப்ட்:
இரண்டாவதை 16 மி.மீ.க்குத் திறந்தேன். 40 சதவீதம் 13 ஆகிவிட்டது. டிடிசியில் இரண்டு மேடும் தனித்தனியாகத் தெரிகிறது, மிச்சத்தில் பெரும்பகுதி முன்மேட்டில். செங்கல் இன்னும் வண்டியிலேயே இருக்கிறது, திருப்பி அனுப்பிவிடுகிறேன்.